சொல்லாமல் விட்ட பாதி

அத்தியாயம் 14

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து அங்கே யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. டம்ளரை வைத்தால்கூடச் சத்தம் வராமல் வைத்தார்கள். அவள் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் அந்த அமைதி. ஆனால் அவளுக்குத்தான் அது காதைக் குடைந்தது.

எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். தராசில் வைத்தபோது முள் நகரவே யோசித்ததாம். அன்று அப்பா வைத்த பெயர் கொசுறு. பத்தொன்பது வயதாகி, கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண்ணை இன்னமும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மூன்று வயதில் ஒரு பிஸ்கட்டைக் கடித்து முகமெல்லாம் வீங்கியபோதுதான் தெரிந்தது, அவளுக்குக் கொட்டை வகை எதுவுமே ஆகாது என்று. கடலை, முந்திரி, பாதாம், எதுவும். ஒரு துணுக்கு போதும், தொண்டை அடைத்துவிடும்.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மாலை, கல்லூரி விடுதி கேன்டீனில் அவள் மூச்சுவிட முடியாமல் சரிந்தாள். கேன்டீன் அக்கா ஓடிவந்து, அவளுக்காகவே சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒவ்வாமை ஊசியை எடுத்து அவள் தொடையில் குத்தினாள். அதனால்தான் பிழைத்தாள்.

அங்கே அவள் சாப்பிட்டது ஒரு பன்னும் அரைக் கிண்ணம் சூப்பும். அன்றைக்குப் பார்த்து வழக்கமான சூப் பொடி தீர்ந்துபோய் வேறு பாக்கெட் பிரித்திருந்தார்கள். அந்தப் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, பின்பக்க மடிப்பை விரித்து, எறும்புக்கால் அளவு எழுத்தில் இருந்த ஒரு வரியை அம்மா படித்தாள். கொட்டை வகைகளும் கையாளப்படும் இடத்தில் தயாரானது என்று இருந்தது.

அம்மா புகார் எழுதினாள். கேன்டீன் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு விசாரணை.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். கொசுறுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

அன்றைக்கு டிராயிங் ஹாலில் ஒரு தோழிக்குப் பிறந்தநாள். பெரிய கேக். எல்லாரும் வெட்டி, ஊட்டி, மூக்கில் பூசி விளையாடினார்கள். கொசுறுக்கு மட்டும் வழக்கம்போல ஒரு சீல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். தோழி நல்லவள். கடையில் நின்று லேபிள் படித்துப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். கொசுறும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு ஹாலைப் பூட்டும் பொறுப்பு அவளுடையது. நீள மேசையின் கடைசியில், காகிதத் தட்டில், ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அவள் சன்னல்களைச் சாத்தினாள். விசிறிகளை நிறுத்தினாள். திரும்பி வந்து அந்தத் துண்டின் எதிரில் உட்கார்ந்தாள்.

போன மாதம் டாக்டர் சொல்லியிருந்தார்: "ரத்தப் பரிசோதனையில ஒவ்வாமை அளவு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா கட்டுப்பாடு எதுவும் மாறாது." அந்த நேரத்தில் அவளுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார்கள். பக்கத்தில் அம்மா அவள் கையைப் பிடித்தபடி நின்றாள். "கேன்டீன்ல பன், சூப்" என்றாள். பொய்யில்லை. பாதியைச் சொன்னாள். மீதியை அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் அந்தப் பாதி, அம்மாவின் கையெழுத்தில் மூன்று பக்கப் புகாராகிவிட்டது.

*

அம்மா எட்டு மணிக்கே தயாராகிவிட்டாள். மருந்துப் பெட்டிகளும் உணவுப் பொட்டலங்களும் அச்சடிக்கிற அச்சகத்தில் அவளுக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. இருபது வருடமாகப் பொடி எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறாள். விசாரணைக்கான கோப்பையும் அப்படித்தான் தயார் செய்திருந்தாள். பாக்கெட்டின் மடிப்பைப் பெரிதாக்கிய நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, புகாரின் பிரதி. எல்லாவற்றிலும் ஓரத்தில் சிவப்புப் பென்சில் குறி.

"நீ எதுவும் பேச வேண்டாம், கொசுறு. கேட்டா என்ன சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"அம்மா, அந்த அக்காதானே எனக்கு ஊசி போட்டாங்க..."

"போட்டாங்க. இல்லைன்னு சொல்லல. தண்ணிக்குள்ள தள்ளிவிட்டவங்களே கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டா, அதுக்கு நன்றி சொல்லணுமா?" அம்மா கோப்பின் நாடாவை இழுத்துக் கட்டினாள். "முதல் நாளே அவங்ககிட்ட ஊசியைக் குடுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்துல குத்திக் காட்டி, ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். தனிப் பாத்திரம், தனிக் கத்தி, தனிக் கரண்டி. தலையைத் தலையை ஆட்டினாங்க. ரெண்டு வருஷம் நம்பி விட்டேனே."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அம்மா சட்டென்று திரும்பி அலமாரியில் எதையோ தேடுவதுபோல நின்றாள்.

கொசுறு வாசலுக்கு வந்தாள். அப்பா படியில் உட்கார்ந்து வேலைப்பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். யாரோ எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். அவசரமே படாத ஆள். அவசரப்பட்டால் இந்த வேலையில் கை போய்விடும் என்பார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே, அலமாரி முன் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"அம்மா இத்தனை நாள்ல ஒரு வேளை ஒழுங்காச் சாப்பிட்டுப் பார்த்தியா?" என்றார் மெதுவாக. "ராத்திரி எழுந்து உன் மூக்குகிட்ட கையை வெச்சுப் பார்க்கறா. யார்மேலயோ கோபமா இருக்கறதாலதான் ரெண்டு காலையும் ஊன்றி நிக்கறா. அந்தக் கோபத்தையும் புடுங்கிட்டோம்னா அப்படியே உட்கார்ந்துடுவா. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்மா."

"அப்பா..."

"போகட்டும்மா." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "உன் காலேஜுக்குப் பக்கத்துல ஒரு கட்டடத்துல வேலை. முடிச்சுட்டு வாசலுக்கு வந்துடறேன்."

அவள் திரும்பி உள்ளே போனாள்.

*

துணை முதல்வரின் அறையில் விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் துணை முதல்வர். பக்கத்தில் விடுதி வார்டன், நோட்டுப் புத்தகமும் கையுமாக. இந்தப் பக்கம் அம்மாவும் கொசுறும். சுவரோரமாக, நாற்காலி நுனியில், கேன்டீன் அக்கா.

கொசுறு அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நாற்பத்தைந்து வயது மனுஷி. பருமனான உடம்பு. இருநூறு பிள்ளைகளையும் பட்டப்பெயர் வைத்து அதட்டுகிறவள். "ஏய் ஒட்டடைக்குச்சி, இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்று அவள் போடும் சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். இன்று அவள் கன்னம் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதன் காதுகளைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தாள்.

கொசுறைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா கோப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். குரலில் நடுக்கமே இல்லை. எந்தத் தேதி, எந்தப் பாக்கெட், எந்த வரி. துணை முதல்வர் கண்ணாடியை உயர்த்தி அந்த நகலைப் படித்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் அக்காவிடம். "இந்தப் பொடியை அன்னைக்கு உபயோகிச்சீங்களா?"

"உபயோகிச்சேன் சார். மத்த பிள்ளைங்களுக்கு."

"இந்தப் பெண்ணுக்கு?"

"இந்தப் பிள்ளைக்கு எப்பவும் தனி அடுப்பு சார். சின்னக் குண்டான். அதோட கைப்பிடியில நீல நூல் சுத்தி வெச்சிருப்பேன், வேற யாரும் தொட்டுடக் கூடாதுன்னு. காயை வேகவெச்சு மசிச்சு, உப்பு மிளகு மட்டும் போட்டு..." அவள் நிறுத்தினாள். "அப்படித்தான் வெச்சேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?" என்றாள் அம்மா.

அக்கா அவளை நேராகப் பார்த்தாள்.

"முதல்ல நிச்சயமாத்தாங்க இருந்தேன். என் கைமேல எனக்கு நம்பிக்கை. ஆனா நீங்க எழுதினதை வார்டன் அம்மா படிச்சுக் காட்டினாங்க பாருங்க, அதுலேர்ந்து அந்தக் கரண்டிதான் கண்ணுல நிக்குது. பெரிய குண்டானைக் கிண்டின கரண்டியை எங்க வெச்சேன்? அதே கையோட சின்னதைக் கிண்டிட்டேனா? யாரோ கூப்பிட்டாங்க, திரும்பினேன். திரும்பி வந்து எந்தக் கரண்டியை எடுத்தேன்? யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே தெரியலீங்க. என் வீட்டுல நான் சாப்பிடற தட்டைக்கூட ரெண்டு தடவை கழுவறேன். அப்புறமும் சந்தேகமா இருக்கு."

வார்டன் எழுதுவதை நிறுத்தினாள்.

"சார், பிள்ளை என் கண்ணு முன்னாடி நீலமாப் போச்சு. என் சாப்பாட்டுக்கூடத்துல, என் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு விழுந்துச்சு. வேற எப்படி ஆகும்? கரண்டிதான் மாறியிருக்கும். நான் ஒத்துக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

வார்டன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"போடாதீங்கக்கா."

சொன்னது தன் குரல்தான் என்று கொசுறுக்கே உடனே புரியவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

"சூப்ல ஒண்ணும் இல்ல. நான் கேக் சாப்பிட்டேன். கேன்டீனுக்கு வர்றதுக்கு முன்னாடியே. டிராயிங் ஹால்ல. யாரும் இல்லாதப்ப."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரு. சார், இவ அவங்களைப் பார்த்து இரக்கப்பட்டு உளர்றா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

"உளறல அம்மா."

"கொசுறு!"

"மிச்சமிருந்த ஒரு துண்டு. மேல வெள்ளை க்ரீம். உள்ள மஞ்சளா, ஈரமா. மாவுல பாதாம் பொடி நறநறன்னு இருந்துச்சு. ரெண்டாவது வாயிலேயே உதடு அரிச்சுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் முடிச்சேன்."

அம்மாவின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. அவள் மகளின் முகத்தையே பார்த்தாள், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல.

"எவ்வளவு?" என்றாள்.

"முழுத் துண்டும். தட்டுல ஒட்டியிருந்த க்ரீமையும் விரலால வழிச்சு..."

"போதும்."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். மேசையிலிருந்த நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினாள்.

துணை முதல்வர் தொண்டையைச் செருமினார். "உன் ஊசி எங்கே இருந்தது அப்போ?"

"பையில சார். பை ரூம்ல. ஒண்ணும் ஆகலைன்னா நல்லதுன்னு நினைச்சுக்கிட்டே கேன்டீனுக்கு நடந்தேன். சூடா ஏதாவது குடிச்சா சரியாயிடும்னு..."

கேன்டீன் அக்கா பேனாவை மேசையில் வைத்தாள். உருண்டு விழப்போனதை வார்டன் பிடித்தாள்.

"நான் ஊசி போட்டப்ப என் மணிக்கட்டைக் கெட்டியாப் பிடிச்சியே," என்றாள் அக்கா. "வாயை வாயைத் திறந்தே. பயப்படறேன்னு நினைச்சேன். இதைச் சொல்லத்தான் பார்த்தியா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப மூச்சு இல்ல. சரி." அக்கா தலையை ஆட்டினாள். "மூச்சு வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே, கண்ணு."

கோபமாகச் சொல்லியிருந்தால் கொசுறு தாங்கியிருப்பாள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. கேன்டீனில் தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கொசுறு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

துணை முதல்வர் சங்கடத்தோடு சொன்னார்: "அப்படின்னா உங்கமேல தப்பு இல்லைம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. நடந்ததுக்குக் கல்லூரி சார்பா..."

"வர்றேன் சார். எனக்கு வேலை வேணும்." அக்கா எழுந்தாள். "ஆனா இந்தப் பிள்ளைக்கு நான் சமைக்கமாட்டேன்."

"அக்கா..."

"கோபம் இல்லம்மா. நீ நல்லா இருக்கணும். ஆனா அந்தச் சின்னக் குண்டானைத் தொட்டா இனிமே எனக்குக் கை நடுங்கும். நடுங்குற கையோட உனக்கு எப்படிச் சமைக்கறது?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மற்றதெல்லாம் சட்டப்படி நடந்தது. தனிச் சமையல் இல்லாமல் இப்படி ஒரு மாணவியை விடுதியில் வைத்துக்கொள்ளும் பொறுப்பைக் கல்லூரி ஏற்க முடியாது என்றார் துணை முதல்வர். வெள்ளிக்கிழமைக்குள் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்து முடிவைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் வந்து, மாலை ஏழு வரை ஸ்டூடியோவில் உட்கார்ந்து மாடல் செய்ய முடியாது என்பது அந்த அறையில் எல்லாருக்குமே தெரியும்.

*

நடைபாதையின் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அம்மா அதைத் திறந்து முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பேசினாள்.

"ஏன்?"

கொசுறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன அளவு, தோழியின் பிறந்தநாள், பசி. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சும்மா. எங்க போனாலும் நான்தான் முதல்ல கேக்கணும். இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்கு, கையைக் கழுவினியா, கத்தி வேறயா. நான் உள்ள வந்தாலே பிள்ளைங்க சாப்பிடறதை மூடி வெச்சுடறாங்க. நல்லதுக்குத்தான். யாரும் என்னை ஒதுக்கல. ஆனா அன்னைக்கு எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஊட்டிவிட்டுக்கிட்டாங்கம்மா. எனக்கு மட்டும் பாக்கெட்டை நீட்டினாங்க. ஒரே ஒரு தடவை யாரையும் கேக்காம ஒண்ணைச் சாப்பிட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு."

"செத்துப்போயிருப்பே."

"தெரியும்."

"தெரியுமா?" அம்மாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. அந்தப் பக்கம் போன இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன தெரியும் உனக்கு? நான் வந்தப்ப உன் வாயில குழாய். உன் உள்ளங்கால் ஜில்லுன்னு இருந்துச்சு. அதைத் தேய்ச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், விடியற வரைக்கும். தெரியுமாம்."

கொசுறு அம்மாவின் தோளைத் தொடப் போனாள். அம்மா ஒரு எட்டு விலகினாள். அது அவளுக்கு ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

அம்மா கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். புகாரின் பிரதியை உருவி, மேலிருந்து கீழே ஒரு முறை கண்ணை ஓட்டினாள்.

"மூணு பக்கம். நாலு தடவை படிச்சுப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது," என்றாள். "ஒரு மனுஷியை அவ கையையே நம்பவிடாம பண்ணிட்டேன்."

"நான்தாம்மா பண்ணினேன்."

"நீ பேசாம இருந்தே. எழுதினது நான்." கோப்பை மகளின் கையில் திணித்தாள். "அவங்க வீடு எங்கே?"

"பின்பக்கக் கேட்டைத் தாண்டி ரெண்டாவது தெரு. நானும் வர்றேன்மா."

"வேண்டாம். அப்பா வருவார். வாசல்ல இரு."

அம்மா போனாள். வழக்கமாக விறுவிறுவென்று நடக்கிறவள். இன்று சுவரை ஒட்டி, ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டு நடந்தாள்.

*

கல்லூரி வாசலில், பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியான வெயில். அப்பாவின் வேலைச் சட்டையில் கிரீஸ் வாடை. அவள் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"அப்பா, நீங்க ஏன் ஒண்ணுமே கேக்கல?"

அவர் கை நகத்தில் படிந்திருந்த கறுப்பைச் சுரண்டினார்.

"காலையில நான் சொல்ல வந்தப்ப ஏன் தடுத்தீங்க?"

"ஆஸ்பத்திரில உன் துணியை ஒரு பையில போட்டு என்கிட்டதான் குடுத்தாங்க," என்றார் அப்பா. "அன்னைக்கே துவைக்க எடுத்தேன். சட்டைக் கையில, இதோ இங்கே, வெள்ளையாக் காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. மோந்து பார்த்தேன். கேன்டீன் சூப்புல க்ரீம் எங்கேர்ந்து வரும்?"

ஒரு பஸ் வந்து நின்றது. இருவரும் எழவில்லை என்றதும் போய்விட்டது.

"அன்னைக்கேவா? அம்மா புகார் எழுதறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"அப்ப ஏம்ப்பா..."

"தேய்ச்சுக் கழுவிட்டேன். ரெண்டு தண்ணி விட்டு." அவர் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ பிழைச்சு வந்ததே போதும்னு இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் காலேஜை விட்டே நிறுத்திடுவான்னு பயம். நிறுத்தினா நீ எங்களை மன்னிக்கமாட்டே. நிறுத்தலைன்னா அவ தூங்கமாட்டா. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. அந்தக் கேன்டீன் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்ல, கொசுறு. முகம் தெரியாத ஆள். அதனால சுலபமா இருந்துச்சு."

கொசுறு பதினோரு நாளும் தான் ஒருத்திதான் பொய் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் அதே பொய்யை விழுங்கியிருக்கிறார்கள். அம்மா மட்டும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

அவள் மெதுவாக அப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

*

ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அழுகை நின்றிருந்தது.

"பார்த்தியா அவங்களை?" என்றார் அப்பா.

"பார்த்தேன். கதவைத் திறந்தாங்க. உட்காரச் சொன்னாங்க. தண்ணி குடுத்தாங்க." அம்மா பெஞ்சுப் பக்கத்தில் வந்து நின்றாள். "டம்ளரை என் முன்னாடியே ரெண்டு தடவை கழுவினாங்க. நான் மன்னிப்புக் கேட்டேன். 'சரிங்க'ன்னாங்க. திரும்பவும் கேட்டேன். 'சரிங்க, விடுங்க'ன்னாங்க. அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல."

"நானும் போய்க் கேக்கணும்மா," என்றாள் கொசுறு.

"போகணும். ஆனா இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு அவங்களை விட்டுடு."

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். காலையிலிருந்து முதல் தடவை. விரல்கள் முடிக்குள் போய், அங்கேயே நின்றன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள விடுதி விஷயம் முடிவு பண்ணணும். என்ன முடிவுன்னு எனக்குத் தெரியல. உன்னை வீட்டுல பூட்டி வைக்கணும்னு ஒரு மனசு சொல்லுது. பூட்டி வெச்சா இன்னொரு நாள் இன்னொரு துண்டுன்னு இன்னொரு மனசு சொல்லுது. உட்கார்ந்து பேசுவோம். ஆனா ஒண்ணு." அவள் கணவனைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "என்ன முடிவு எடுத்தாலும் எனக்கு உண்மை தெரிஞ்சு எடுக்கணும். முட்டாள் மாதிரி ஊர் முழுக்க நடந்து ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கினது ஒரு தடவை போதும். நம்ம வீட்டுல எனக்குத் தெரியாம இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுடறேன்."

கொசுறு அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும் என்று தரையைப் பார்த்தாள்.

தூரத்தில் அவர்களுடைய பஸ் திரும்பி வருவது தெரிந்தது. அப்பா எழுந்தார். பஸ்ஸுக்குக் கை காட்டத்தான் எழுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கை காட்டவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு, மனைவிக்கு இடம் காட்டினார்.

"நீ முதல்ல உட்காரு," என்றார்.

அம்மா உட்காரவில்லை.